விட்டுப்போன 35

அன்புள்ள கயல்,

ஹெச்பிவி தடுப்பூசி கறுப்பினப் பெண்களுக்குப் பலிக்காதாமே என்று கேட்டு எழுதியிருந்தாய். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்சம் அவசர முடிவு.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தரும் இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகில் பத்தில் ஏழு கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம். 1983, 84ஆம் ஆண்டுகளில் இவற்றை அடையாளம் காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மரபணு இல்லாத வெற்றுக்கூடு. உடம்பு அந்தக் கூட்டை நினைவில் வைத்துக்கொண்டு, நிஜ வைரஸ் வந்தால் மடக்குகிறது. ஆனால் 16இன் கூடு வேறு, 35இன் கூடு வேறு. எந்த எண்களைச் சேர்ப்பது என்று யார், எந்த ஊர்க் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது அதனால்தான் முக்கியமாகிறது. 2006இல் வந்த முதல் தடுப்பூசியில் புற்றுக்கு எதிராக இருந்தவை 16, 18 மட்டும்தான்.

2013இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 500க்கும் மேற்பட்ட பெண்களைச் சோதித்ததில், ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களிடம் 16, 18 தென்படும் வாய்ப்பு வெள்ளைப் பெண்களைவிடப் பாதிதான் என்று தெரிந்தது. அவர்களிடம் 35, 58, 68 போன்றவை அதிகம். அடுத்த ஆண்டே ஒன்பது வகைத் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் 58 இடம்பெற்றது, 35 இல்லை. உலக அளவில் சுமார் 2 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுகளில் காணப்படும் இந்த 35, ஆப்பிரிக்காவில் சுமார் 10 சதவீதத்தில் இருக்கிறது. விட்டது சின்ன எண் என்று யாரும் சொல்ல வேண்டாம். யாருக்குச் சின்னது?

இதற்காக 16, 18ஐ வெள்ளையர் வைரஸ் என்று எண்ணிவிடாதே. ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதிப் புற்று அவற்றால்தான். 1951இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றால் இறந்த ஹென்றியெட்டா லாக்ஸ் கறுப்பினப் பெண். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளரும் அவரது புற்றணுக்களில் இருப்பது 18தான். 16க்குள்ளேயே ஐரோப்பியக் கிளை, ஆப்பிரிக்கக் கிளை என்று உண்டு. தன் வம்சாவளிக்கு ஒத்த கிளை தொற்றினால் அது உடம்பில் நெடுநாள் தங்குகிறது என்று 2006இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மனிதரோடு சேர்ந்தே இடம்பெயர்ந்து மாறிவந்த வைரஸ் அல்லவா! ஆனாலும் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இந்த நோயால் அதிகம் இறப்பதற்கு வைரஸின் எண்ணை மட்டும் பழி சொல்ல மாட்டேன். சோதனையில் கோளாறு தெரிந்த பிறகு தொடர் சிகிச்சை கிடைக்காமல் போவதும் பெரிய காரணம்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. இந்தியாவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் 16, 18தான். புனேயில் தயாராகும் செர்வாவாக் தடுப்பூசி இரண்டையும் தடுக்கும். நீ தயங்காமல் போட்டுக்கொள். அம்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டதே, அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போ. அங்கே கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். மாறிய திசு வெளுத்துத் தெரியும், உள்ளே இருப்பது 16ஆனாலும் 35ஆனாலும்.

அன்புடன்,
சித்தி