இயங்குதளமும் மன இயல்பும்

கணிப்பொறியில் ஒருவர் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறார் என்பதைக் கொண்டே அவருடைய குணத்தைக் கூறிவிடலாம் என்னும் நம்பிக்கை நம் மாணவரிடையே உண்டு. மேக் வைத்திருப்பவர் பகட்டுக்காரர். விண்டோஸ்காரர் ஊரோடு ஒத்துப்போகிறவர். லினக்ஸ்காரர் யாரோடும் சேராதவர், 'ஒரு மாதிரி'! கணிப்பொறிக் கூடத்தில் இம்மூன்றாம் பட்டம் வேடிக்கையாகவே வழங்குகிறது. ஆனால் அது மனநலத்தைத் தொடும் சொல். ஆகவே இதனைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில், இந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன? 2006 முதல் 2009 வரை ஆப்பிள் நிறுவனம் ஒரு விளம்பரத் தொடர் நடத்தியது. எளிய உடையணிந்த இளைஞர் மேக் ஆகவும், கோட்டும் டையும் அணிந்தவர் பிசி ஆகவும் தோன்றினர். சரக்கை விற்க வணிகர் தீட்டிய சித்திரம் அது. அதனை உளவியல் என்று கொள்ளலாமா? லினக்ஸின் கதையோ இன்னும் வேடிக்கையானது. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதனை, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி வளர்த்தனர். இத்தகைய கூட்டு உழைப்பின் விளைவுக்குத் தனிமையின் முத்திரை!

கைப்பேசிகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் நடந்துள்ளன. 2016இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று, ஆண்ட்ராய்டு வைத்திருப்போரைவிட ஐஃபோன் வைத்திருப்போர் கைப்பேசியை அந்தஸ்தின் அடையாளமாகக் கருதுவது சற்று மிகுதி என்றது. 2017இல் வந்த மற்றோர் ஆய்வோ, இரு சாராரின் ஆளுமையிலும் வேறுபாடு சிறிதளவே என்று தன் தலைப்பிலேயே கூறிவிட்டது.

நம் மாநிலத்து நிலையைப் பார்ப்போம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன. பெற்ற மாணவர் எதையும் கடையில் தேர்ந்து வாங்கவில்லை. ஈரோட்டு ஜவுளிக் கடையிலோ மஞ்சள் மண்டியிலோ கணக்கெழுதப் போகிறவருக்கு டேலி தெரிந்திருக்க வேண்டும். டேலி விண்டோஸில் ஓடுவது. எனவே அவர் விண்டோஸைத் திறப்பார். இதில் வெளிப்படுவது அவர் ஆளுமையா, முதலாளியின் தேவையா? அண்ணனின் பழைய கணினி தம்பிக்கு வந்தால் அண்ணனின் குணமும் கூடவே வருமா?

என் கவலை இதற்கும் அப்பாற்பட்டது. நேற்றுவரை கலகலப்பாகப் பழகிய மாணவர் ஒருவர் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, எவரிடமும் பேசாமல் திரையின்முன் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் மருத்துவம் வேண்டிய மனச்சோர்வாக இருக்கக்கூடும். நாமோ, "லினக்ஸ்காரன் அப்படித்தான்டா" என்று சிரித்துவிட்டு நகர்கிறோம். பட்டம் நோயை மறைத்துவிடுகிறது. விண்டோஸ் வைத்திருப்பவருக்கோ, "ஊரோடு ஒத்துப்போகிறவருக்கு என்ன குறை?" என்ற எண்ணமே திரையாகிறது. இயங்குதளத்தைப் பார்ப்பதை விட்டு, அவர் நேற்றிரவு உறங்கினாரா, இன்று சாப்பிட்டாரா என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர் தயங்கினால், அவருக்காகக் கவலைப்படும் நண்பரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.