சர்வர் எழவில்லையா? திருகாணியைத் தொடுமுன் கவனிக்க

பவர் பட்டனை அழுத்தியாயிற்று. ஃபேன்கள் இரைகின்றன, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. மேலாளர் வந்து பின்னால் நிற்கிறார். வேலைக்குப் புதியவர்கள் பலர் இந்த இடத்தில் மூடியைத் திறந்து ரேமைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். சர்வர் எங்கே நின்றது என்பதுதான் முதல் கேள்வி. மின்சாரமே வரவில்லையா, வந்தும் 'போஸ்ட்' எனும் சுயபரிசோதனை முடியவில்லையா, அதுவும் முடிந்து இயங்குதளம் மட்டும் ஏறவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உண்மையில் அது நிற்காமலேகூட இருக்கலாம். டிடிஆர்5 ரேம் நிறைய பொருத்திய சர்வர்கள், முதல் முறை இயங்கும்போதும் ரேம் மாற்றிய பிறகும், ஒவ்வொரு ரேமுக்கும் சிக்னல் நேரங்களைச் சரிபார்த்துக்கொள்ளும். இதற்கு 'மெமரி டிரெயினிங்' என்று பெயர். பத்து நிமிடம்கூடப் பிடிக்கும். சில இயந்திரங்களில் அதையும் தாண்டும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். பொறுமையிழந்து அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நல்ல சர்வர்களைப் பழுதென்று முத்திரை குத்தவைப்பது பல நேரம் இந்த அவசரம்தான்.

காத்திருக்கும் நேரத்தில் பிஎம்சியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டிலேயே இருக்கும் தனிக் குட்டிக் கணினி அது. டெல் சர்வரில் ஐடிராக், எச்பிஇ சர்வரில் ஐலோ என்பார்கள். சர்வர் அணைந்திருந்தாலும் பவர் கேபிள் செருகியிருந்தால் போதும், அது விழித்திருக்கும். எந்த ஸ்லாட் ரேமில் பிழை, எந்தப் பவர் சப்ளை விழுந்தது என்று அதன் பதிவேட்டிலேயே இருக்கும். நேரத்தைப் படிக்கும்போது மட்டும் கவனம்: பல இடங்களில் பிஎம்சி கடிகாரம் யுடிசியில் ஓடும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரமாகப் படிக்காவிட்டால், இப்போது விழுந்த பிழையைப் பழையதென்று தள்ளிவிடுவீர்கள்.

பிஎம்சியே பதில் சொல்லவில்லையென்றால் எல்லாப் பவர் கேபிளையும் உருவிவிட்டு, பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்ததும் மறுபடி செருகுங்கள். கேபிளையும், ரேக்கில் மின்சாரம் பிரித்துத் தரும் பிடியுவையும் மாற்றிப் பார்ப்பதும் இப்போதே.

அதற்கும் எழாவிட்டால்தான் மூடியைத் திறக்க வேண்டும். கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டாயம். ஒரு சிபியு, கையேடு சொல்லும் முதல் ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம், இவற்றோடு மட்டும் இயக்கிப் பாருங்கள். கூடுதல் கார்டுகள் வெளியே இருக்கட்டும். எழுந்துவிட்டால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். இரண்டைச் சேர்த்துப் பொருத்தினால் குற்றவாளி எதுவென்று தெரியாமல் போகும். ஒரு ரேம் மேல் சந்தேகமா? அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் கெட்டது. பழைய ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டையோ சிபியுவையோ பார்க்க வேண்டும். சிபியு சாக்கெட்டில் ஒரே ஒரு ஊசி வளைந்தாலும் ஒரு மெமரி சேனலே காணாமல் போகலாம், ஆகவே அங்கே விரல் படவே கூடாது.

போஸ்ட் முடிந்து 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தால் உடனே டிஸ்க்கைப் பழிக்காதீர்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பின்னோக்கிப் போகும். பயாஸ் அமைப்பும் மாறி, யுஇஎஃப்ஐ பூட் முறை இருந்த இடத்தில் லெகசி முறை வந்து நிற்கலாம். ரெய்டு கன்ட்ரோலர் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று சொல்லி இம்போர்ட்டா, கிளியரா என்று கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். கிளியர் கொடுத்தால் டிஸ்க்குகளில் உள்ள ரெய்டு அமைப்பின் விவரம் அழிந்துவிடும். பேக்கப் இருப்பதை உறுதிசெய்து, மூத்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மேலாளரிடம் "சர்வர் டவுன் சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "போஸ்ட்டில் நிற்கிறது, ஏ3 ஸ்லாட் ரேமில் பிழை பதிவாகியிருக்கிறது, மாற்றிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் அவரால் மேலே பதில் சொல்ல முடியும். செய்ததை எல்லாம் நேரத்தோடு டிக்கெட்டில் எழுதுங்கள். சப்ளையரை அழைக்கும்போது சீரியல் எண்ணோடு பிஎம்சி பதிவையும் அப்போதே அனுப்பிவிட்டால், வருகிற இன்ஜினியர் சரியான உதிரிபாகத்தைக் கையோடு கொண்டுவருவார்.