சோதனைக்கூடங்களில் போலியோ வைரஸ்: கண்டறிதலும் அறிவித்தலும்

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயை உலகினின்றும் ஒழிப்பதென 1988-ஆம் ஆண்டில் உலக சுகாதாரச் சபை உறுதி பூண்டது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் இறுதியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. ஆயினும், மக்களிடையே மறைந்துவிட்ட வைரஸ், சோதனைக்கூடத்து உறைபெட்டியில் பல்லாண்டுகள் அழியாதிருக்கக் கூடும்.

அச்சத்திற்குக் காரணம்

போலியோ வைரஸ் மூவகைப்படும். அவற்றுள் இரண்டாம் வகை இயற்கை வைரஸ், உலகிலேயே இறுதியாக 1999-இல் நம் நாட்டு அலிகாரில் காணப்பட்டது. ஆனால் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் உத்தரப் பிரதேசக் குழந்தைகள் சிலரின் மல மாதிரிகளில் 'எம்.இ.எஃப்.-1' என்னும் இரண்டாம் வகை வைரஸ் வெளிப்பட்டது. சோதனைக்கூடங்களிலும் தடுப்பூசித் தயாரிப்பிலும் மட்டுமே பயன்படும் வைரஸ் அது. 2017-இல் நெதர்லாந்தின் தடுப்பூசித் தொழிற்கூடம் ஒன்றில் வைரஸ் சிந்தியதால் ஊழியர் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது.

2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை நீக்கப்பட்டது. அதன்பின் பிறந்த குழந்தைகளை ஊசி மருந்து வாதத்தினின்றும் காக்கிறது. குடலில் வைரஸ் பெருகுவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. ஆதலின் தப்பி வெளிவரும் வைரஸ் ஓசையின்றிப் பரவ இடமுண்டு.

ஐயத்திற்குரிய மாதிரிகள்

போலியோவை ஆராயாத கூடங்களும் இதில் விலக்கல்ல. கொச்சியில் தேவரா போன்றதொரு பகுதியிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்கு பற்றிய ஆய்வுக்கெனக் குழந்தைகளின் மலமும், காயலின் தூய்மையை அறியச் சாக்கடை நீரும் 2000-ஆம் ஆண்டில் திரட்டப்பட்டு உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கலாம். அன்று நாட்டில் இயற்கை வைரஸும் உலவியது. மூவகைச் சொட்டு மருந்தும் வழங்கப்பட்டது. எனவே அம்மாதிரிகள் ஐயத்திற்குரியனவே.

கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: மாதிரி எத்தகையது? எங்கே எடுக்கப்பட்டது? எப்போது எடுக்கப்பட்டது? மலம், தொண்டைச் சளி, சாக்கடை நீர் ஆகியவை கருத்திற்குரியவை. இரத்தம், ஊனீர், தண்டுவட நீர் ஆகியவை இவ்வகையில் சேரா. வைரஸ் உண்டா என்றறிய மாதிரியை உயிரணுக்களில் வளர்த்துப் பார்த்தல் கூடாது. அது ஆபத்தைப் பன்மடங்காக்கும். இடமும் காலமுமே முடிவுக்குப் போதுமானவை.

அறிவிக்கும் முறை

முதலில் உறைபெட்டிகள் அனைத்தையும் திறந்து இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிடல் வேண்டும். பெயர்ச்சீட்டு அழிந்த குப்பிகளையும், ஓய்வுபெற்றோர் விட்டுச்சென்ற பெட்டிகளையும் ஒதுக்கலாகாது. பின்னர் மாதிரியின் வகை, எண்ணிக்கை, ஊர், ஆண்டு ஆகியவற்றை நிறுவனத் தலைவர் வாயிலாக, போலியோ வைரஸ் கட்டுப்பாட்டிற்குப் பொறுப்பான தேசிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தல் வேண்டும். எதுவும் இல்லையெனில் அதனையும் எழுதி அறிவிப்பதே முறை.

தேவையற்றவற்றை உயரழுத்த நீராவியாலோ எரியூட்டியோ அழிக்கலாம். சாராயம் இவ்வைரஸை உறுதியாகக் கொல்லாது. ஆய்வுக்கு இன்றியமையாதவற்றை வைரஸ் செயலிழக்கச் செய்தோ, உரிய பாதுகாப்புடனோ, அங்கீகாரம் பெற்ற கூடத்திற்கு மாற்றியோ காக்கலாம்.

பல இலட்சம் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று ஈட்டிய வெற்றி இது. எவரும் எண்ணிப் பாராத ஒரு குப்பியால் அது குலையாதிருக்க, ஒவ்வொரு கூடமும் தன் இருப்பைத் தானே அறிதல் முதற்கடமையாகும்.