முகத்துக்கு முன் முடியைப் பார்

கொட்டாஞ்சேனை

அன்புள்ள மருமகளுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து நீ அனுப்பிய செப்புக்காசுப் படம் கிடைத்தது. "மாமா, இது எந்த ரோம ராசா?" என்று கேட்டிருக்கிறாய். முகச்சாயலை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது, பிள்ளை.

நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பாசியனின் வழுக்கை என்று முதலாம் நூற்றாண்டில் ஆளை ஆளாகவே செதுக்கினார்கள். இலங்கையில் அதிகம் அகப்படுவதோ கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசுகள். அவற்றில் தகப்பனும் மகனும் ஒரே முகமாகத்தான் இருப்பார்கள். ஆகவே முதலில் தலையில் என்ன இருக்கிறது என்று பார். முத்துப் பட்டி கட்டியிருந்தால் கொன்ஸ்டன்டைன் காலம், அல்லது அதற்குப் பிந்தியது. தாடியும் இருந்தால் ஜூலியனை (361–363) நினை. கொன்ஸ்டன்டைனும் அவர் பிள்ளைகளும் மழித்த முகத்தோடுதான் வருவார்கள்.

பிறகு காசைப் புரட்டு. குதிரையோடு விழுகிறவனை வீரன் ஈட்டியால் குத்துகிறானா? அது 348இல் தொடங்கிய வகை. பெரும்பாலும் இரண்டாம் கொன்ஸ்டன்டியசுடையது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துப் போகிறாளா? 388 அளவில் வந்தது. தியோடோசியசா, அவர் பிள்ளைகள் ஆர்கேடியஸ், ஹொனோரியசா என்பதை ஓரத்து எழுத்துத்தான் சொல்லும்.

எழுத்து வெறும் கீறல்களாக இருந்தால் அவசரப்படாதே. ரோமக் காசைப் பார்த்து இங்கேயே அடித்த காசுகளும் ஏராளம். அதற்கு ராசா பெயர் தேடுவது வீண். ஆனாலும் எனக்கு அவைதான் கூடுதல் பெறுமதி: நம் சந்தையின் சில்லறைத் தட்டுப்பாட்டை அவை காட்டுகின்றன என்றே நினைக்கிறேன்.

இந்தத் தீவில் ரோம முகங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் நீ முதல் ஆளில்லை. ரோமப் பேரரசர் குளோடியஸ் ஆட்சியில் இங்கே காற்றால் ஒதுங்கிய ஒரு ரோமனின் வெள்ளிக்காசுகளைப் பார்த்த அரசர், முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு ரோமர்களின் நேர்மையை வியந்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

புளி, பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்காதே. பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். அடுத்த முறை வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து, மறுபக்கத்தையும் படமெடுத்து, எடையும் விட்டமும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா