சம்பளம் குறையும்போது வரும் ஊசி



ஓசூர் சிப்காட்டில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால் வீட்டில் எதைக் குறைப்போம்? பால், பலகாரம், பஸ் செலவு. போதைக்குப் பழகியவரும் குறைக்கத்தான் பார்ப்பார். உடம்பு விடாது. கை கால் குடைச்சலும் வாந்தியும் வந்து வாட்டும். "புகையா இழுத்தா வீணாப் போகுது, ஊசியில ஏத்தினா கொஞ்சமே போதும்" என்று கூட இருக்கிறவன் சொல்லிக் கொடுப்பான். ஊசிக்கும் காசில்லாமல் போனால் ஒரே ஊசி நாலு பேர் கைக்குப் போகும்.

சென்னையில் 1990களில் இதுதான் நடந்தது. பிரவுன் சுகர் கிடைக்காமலும் விலை ஏறியும் போனதால் பலர் புப்ரினார்பின் என்ற வலி மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். எச்.ஐ.வி. பரவியது. பின்னர் ஆய்வு செய்தபோது, ஊசியையே தொடாத மனைவியர் சிலருக்கும் தொற்று இருந்தது. கிரீஸ் நாட்டில் 2010 வரை ஊசிப் போதையால் எச்.ஐ.வி. வந்தவர்கள் ஆண்டுக்கு 20 பேருக்கும் குறைவு. பொருளாதாரம் சரிந்த நிலையில் 2011இல் 200 பேரைத் தாண்டியது.

இப்போது நம் மாநிலத்தில் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிறார்கள். மாத்திரையிலுள்ள மாவு ரத்தக் குழாயை அடைக்கும். கை சீழ் பிடிக்கும், சில சமயம் அழுகும்.

"அவர் ஊசி போட்டா எனக்கென்ன?" என்று தாய்மார்கள் கேட்கலாம். எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை பி கிருமியும் தாம்பத்திய உறவில் வரும். தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். சி கிருமி பெரும்பாலும் ரத்தத்தால் வருவது. ஆகவே ஒரே பிளேடில் இருவர் சவரம் செய்வதும் கூடாது.

கோபத்தில் அவர் ஊசியைப் பிடுங்கி எறியாதீர்கள். அடுத்தவன் ஊசியை வாங்கிக்கொள்வார், அது இன்னும் மோசம். இருவருமாக அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். அதுவரை நிரோத் அவசியம். எச்.ஐ.வி. இருந்தாலும் காலத்தில் மருந்து எடுத்தால் குழந்தையைக் காப்பாற்றலாம். சி கிருமி பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகும். பி கிருமிக்குத் தடுப்பூசி உண்டு.

ஊசியை விட மாற்று மருந்தும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதுவும் புப்ரினார்பின்தான். மருத்துவ மேற்பார்வையில் நாக்குக்கடியில் வைப்பது.

கொஞ்ச நாள் விட்டவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலமாகி, எழுப்பியும் எழாவிட்டால் உடனே 108க்குச் சொல்லுங்கள். போதை பற்றிக் கேட்க 14446, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இரண்டுக்கும் கட்டணமில்லை.