காந்தளும் கணையமும்

சங்கச் சான்றோர் பெரிதும் போற்றிய மலர்களுள் ஒன்று காந்தள். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் இதுவும் இடம்பெறுகின்றது. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலராகும். வேலிகளிற் படர்ந்து தீக்கொழுந்து போற் பூக்கும் இக்கொடியின் கிழங்கைக் கலப்பைக் கிழங்கென்றும், கண்வலிக் கிழங்கென்றும் மக்கள் வழங்குவர். கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் கடுநஞ்சு உண்டு. அந்நஞ்சு நீரிழிவு ஆராய்ச்சிக்குத் துணைநின்றவாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குருதியிலுள்ள சருக்கரையை உடல் பயன்கொள்ளச் செய்வது இன்சுலின். கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்கள் அதனை ஆக்கி நுண்மணிகளில் அடைத்து வைக்கின்றன. குருதியிற் சருக்கரை மிகுங்கால், அம்மணிகள் உயிரணுவின் புறச்சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளிவிடும். உயிரணுவினுள்ளே டியூபுலின் என்னும் புரதத்தாலாகிய நுண்குழல்களும் உள. அவற்றின் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 40,000 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு.

கோல்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, குழல்கள் உருவாகாவண்ணம் தடுக்கும். அமெரிக்க அறிஞர் பால் லேசியும் அவர்தம் குழுவினரும் இந்நஞ்சினால் இன்சுலின் சுரப்புக் குன்றுதல் கண்டு, மணிகள் புறச்சவ்வை அடைதற்கு இக்குழல்களே துணையென 1968-ஆம் ஆண்டிற் கருத்துரைத்தனர். ஆயின், 2015-ஆம் ஆண்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மற்றொன்றும் கண்டனர். பீட்டா உயிரணுவில் இக்குழல்கள் நேரிய பாதைகளாக அமையாது, பின்னிய வலைபோற் கிடக்கின்றன. அவை மணிகளைப் புறச்சவ்வினின்றும் உள்ளிழுத்து மிகைச் சுரப்பைத் தடுக்கின்றன. சருக்கரை மிகுங்கால் ஓரத்துக் குழல்கள் குலைய, மணிகள் விடுபடுகின்றன. இனயத்துக் கடற்கரையில் வலைத்தொழில் செய்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வலை முறுக்காக நின்றால் மீன் அகப்பட்டு நிற்கும், கண் அறுந்தால் நழுவிவிடும். எனினும் புதிய மணிகள் தோன்றுதற்கும் இக்குழல்கள் வேண்டப்படுகின்றன. ஆகவே ஆக்குதலும் அடக்குதலும் ஆகிய இரண்டும் இவற்றின் தொழில் எனலாம்.

ஈண்டு ஒன்று வற்புறுத்த விரும்புகின்றோம். நீரிழிவாய்வில் இந்நஞ்சு கருவியாயிற்றேயன்றி, நீரிழிவுக்கு மருந்தாயிற்றில்லை. குழல்களைக் குலைக்கும் அதே ஆற்றலால் அஃது உடலெங்கும் உயிரணுக்கள் பெருகுதலைத் தடுத்து உயிரையே போக்கவல்லது. ஆதலின், எவர் கூறினும் காந்தட் கிழங்கை நீரிழிவு மருந்தென்று உண்ணற்க. நம் இல்லங்களில் நீரிழிவால் வருந்தும் முதியோர்க்கு, மருத்துவர் வகுத்த முறை வழுவாது நிற்குமாறு எடுத்துரைத்தல் கற்ற மாணாக்கராகிய நம் கடமையாம்.