மடிக்கணினியின் புரொசசரை மாற்றலாமா?

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் என் தம்பி ஒரு கடித உறையோடு என்னிடம் வந்தான். இரண்டு வருடங்களாகச் சேர்த்த பெருநாள் காசு, 27,500 ரூபா, அதற்குள் இருந்தது.

"தாத்தா, நம்மட லெப்டொப்புக்கு ஐ5 புரொசசர் போட்டுத் தாராங்களாம். அப்ப கேம் எல்லாம் நல்லா ஓடுமாம். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

அந்த மடிக்கணினி, 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது என் இணையவழி வகுப்புகளுக்காக வாப்பா தவணைக்கு வாங்கியது. இப்போது என் உயர்தரப் பாடக் குறிப்புகள், செயற்றிட்ட வேலைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. தம்பிக்கோ அது மைன்கிராஃப்ட் விளையாடும் பெட்டி. விளையாட்டு விக்கி விக்கி நிற்பதுதான் அவனுடைய பெரிய கவலை.

உம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ படிக்கிறதும் இதைத்தானே மகள். காசு குடுக்க முதல் நீயே பார்த்துச் சொல்லு."

வகுப்பில் படித்த பாடத்தை வீட்டில் ஒருவர் என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. அன்றிலிருந்து நான் தேடித் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரை வாசிக்க வேண்டும்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் புரொசசரின் பெயர் தெரியும். எங்களுடையது இன்டெல் செலரோன் என்4020. இது 2019 இறுதியில் வெளிவந்தது. இரண்டு கருக்கள் கொண்டது. அடிப்படை வேகம் 1.1 கிகாஹேர்ட்ஸ், தேவைப்படும்போது 2.8 வரை எழும். மின்வலு 6 வொட் அளவில்தான். மலிவாகவும் சூடேறாமலும் இருப்பதற்காகவே இது செய்யப்பட்டிருக்கிறது.

இதைக் கழற்றி இன்னொன்றைப் போட முடியுமா? முடியாது. இதன் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய பற்றாசு உருண்டைகள் உள்ளன. அவற்றால் அது தாய்ப்பலகையோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஓர் ஐ5 புரொசசரின் உருண்டைகள் வேறு எண்ணிக்கையில், வேறு ஒழுங்கில் இருக்கும். அதற்கு வேண்டிய மின்சுற்றும் குளிரூட்டலும் வேறு. ஆகவே "ஐ5 போடுவது" என்றால் முழுத் தாய்ப்பலகையையும் மாற்றுவதுதான்.

புரொசசரை மாற்றக்கூடிய மடிக்கணினிகளும் இருந்தன. 2011 முதல் 2013 வரை வந்த இன்டெல் மடிக்கணினிகளில், மாதிரி எண் 'எம்' என்று முடியும் பல புரொசசர்கள் சொக்கெட்டில் பொருந்துபவை. 'யூ' என்று முடிந்தவை அப்போதே ஒட்டப்பட்டவை. 2015இல் பரவலான ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் மடிக்கணினிப் புரொசசர்களைச் சொக்கெட்டில் தருவதில்லை.

பழைய சொக்கெட் மடிக்கணினி வீட்டில் இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ3-2310எம் புரொசசரின் வேகம் 2.1 கிகாஹேர்ட்ஸ். அதை எடுத்துவிட்டு ஐ5-2520எம் போட்டால் 2.5 ஆகும், தேவைப்படும்போது 3.2 வரை எழும். இரண்டும் 35 வொட், ஆகவே விசிறி தாங்கும். ஆனால் இரண்டிலும் உள்ள வரைகலைப் பகுதி ஒரே வகைதான். திரையில் படத்தை வரைவது அந்தப் பகுதியே என்பதால் விளையாட்டில் பெரிய மாற்றம் தெரியாது.

நெரிசல் எங்கே?

மடிக்கணினியை ஒரு சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் புரொசசர். அவர் முன்னால் உள்ள மேசை, ரெம் எனப்படும் நினைவகம். பின்னால் உள்ள களஞ்சிய அறை வன்தட்டு. மேசை சிறியதாக இருந்தால், எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரரும் வெங்காயத்துக்கு ஒரு தடவை, தேங்காய்க்கு ஒரு தடவை என்று களஞ்சியத்துக்கு ஓடிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வீட்டில் நடப்பது அதுதானா என்று அளந்து பார்த்தேன். தம்பி விளையாடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். மூன்று இரவுகள் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். விளையாட்டு விக்கும் ஒவ்வொரு தடவையும் நினைவகம் 95 வீதத்துக்கு மேல், வன்தட்டு 100 வீதம். புரொசசர் 60 அளவில் காத்துக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். எங்களிடம் இருந்தது 4 கிகாபைட் நினைவகம். அது நிரம்பியதும் விண்டோஸ் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். எங்கள் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். விளையாட்டு செக்கனுக்கு 30 படங்கள் காட்ட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிசெக்கன் மட்டுமே. தட்டு மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும்.

கடைக்குப் போனோம்

மறுநாள் வாப்பா, தம்பி, நான் மூவரும் அந்தக் கடைக்குப் போனோம். "தாய்ப்பலகை முழுவதையுமா மாற்றுவீர்கள்? எழுத்தில் தர முடியுமா?" என்று நான் கேட்டேன். அங்கிருந்தவர் என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்து, "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்றார். வாப்பா, "மகள் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார். பதில் வரவில்லை. உறையோடு திரும்பி வந்தோம். ஆழமறியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்!

நாங்கள் செய்தது

இந்தப் புரொசசருக்கு இன்டெல் குறிப்பிட்டிருக்கும் உச்ச நினைவகம் 8 கிகாபைட். ஆகவே 4ஐக் கழற்றி 8 போட்டோம். வன்தட்டுக்குப் பதிலாக, சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். என் குறிப்புகளை முதலில் வெளியே பிரதி எடுத்தேன். சார்ஜரைக் கழற்றி, மின்கலத்தின் இணைப்பையும் எடுத்த பிறகே உள்ளே கை வைத்தேன். வாப்பா கைபேசி வெளிச்சம் பிடித்தார். சில மடிக்கணினிகளில் நினைவகமும் ஒட்டப்பட்டிருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் மாதிரியின் விபரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்கல் நின்றது. ஆனால் இப்போது புரொசசர் 100 வீதத்தைத் தொட்டது. ஒரு நெரிசலை அகற்றினால் அடுத்த இடத்தில் நெரிசல் தோன்றும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். இதற்குக் காசு தேவைப்படவில்லை, கணிதமே போதுமாக இருந்தது.

மைன்கிராஃப்ட் உலகம் 16க்கு 16 கட்டிகள் கொண்ட சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எத்தனை துண்டு தூரம் பார்க்கலாம் என்பதை நாமே தெரிவு செய்யலாம். தூரம் 12 என்றால் ஒரு பக்கத்தில் 25 துண்டுகள். 25ஐ 25ஆல் பெருக்கினால் 625. தூரத்தை 6 ஆக்கினால் 13ஐ 13ஆல் பெருக்க 169. தூரம் பாதியானது, வேலை கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிட்டது! இப்போது செக்கனுக்கு 30 படங்கள் அளவில் சீராக ஓடுகிறது.

தனி வரைகலை அட்டை கேட்கும் பெரிய விளையாட்டுகள் இதில் ஓடப்போவதில்லை. அதைத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

பணம் கொடுக்க முதல் கேட்க வேண்டியவை நான்கு. புரொசசரின் முழுப்பெயர் என்ன? அது ஒட்டப்பட்டதா, சொக்கெட்டில் உள்ளதா? விளையாட்டு விக்கும்போது எது 100 வீதத்தைத் தொடுகிறது? மாற்றிய பின் அடுத்த நெரிசல் எங்கே வரும்? பெற்றோரே, இவற்றுக்கு விடை தேட உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே சொல்லிப் பாருங்கள்.

செலவு போக மீதி, உறையில் பாதிக்குக் கொஞ்சம் குறைய இருக்கிறது. அதன் மேல் தம்பி "அடுத்த லெப்டொப்" என்று எழுதி வைத்திருக்கிறான். கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி: "வாங்க முதல் தாத்தாட்ட கேட்கணும்."